மறுப்பின் மாண்பு

திருவண்ணாமலையை வலம் வருவோர், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அப்பாதையில், மலையின் மேற்றிசைப் பக்கத்தே அடி அண்ணாமலை என்னும் சிற்றூரைக் கடந்து செல்வர். அங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில், நகரத்துப் பெருங்கோயிலினும் முந்தியது என்பது அவ்வூரார் நம்பிக்கை. அவ்வூரிலேயே மாணிக்கவாசகருக்கும் ஒரு தனிக்கோயில் உண்டு. மார்கழி விடியலில் மகளிர் ஒருவரையொருவர் துயிலெழுப்பிப் பாடுவதாக அமைந்த திருவெம்பாவையின் 20 பாடல்களையும் அவர் இவ்விடத்தே பாடினார் என்பது மரபு. இஸ்லாமியத் தமிழ் ஏடொன்றின் திறனாய்வுக் கட்டுரை இவ்வூரில் தொடங்குவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சிந்திப்போரின் வகைகளையும், சிந்தனையாளர் ஒருவரை மற்றொருவர் மறுக்கும்போது காக்க வேண்டிய அறத்தையும் பற்றி எழுதப் புகுந்த நமக்கு, இவ்வூர்ப் பாவலரைச் சுற்றி நிகழ்ந்த வாதங்களும், இந்நகரத்து அரசனொருவன் முடிவைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களும் மிகப் பொருத்தமான சான்றுகளாகத் தோன்றுகின்றன.

மாணிக்கவாசகர் எந்த நூற்றாண்டினர்? மறைமலையடிகள் 1930ஆம் ஆண்டில் 'மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்' என்னும் பெருநூலை வெளியிட்டு, அவர் தேவார மூவருக்கும் முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டினர் என நிறுவ முயன்றார். ஏற்காதோர் கூறிய தடைகள் எளியன அல்ல. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் இவர் பெயரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. திருக்கோவையாரோ வரகுணன் என்னும் பாண்டியனைச் சுட்டுகிறது. அப்பெயர் பூண்ட பாண்டியர் ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்டவராகக் கல்வெட்டுகளால் அறியப்படுவோர். தொகையிலுள்ள பொதுத் தொடரொன்று மாணிக்கவாசகரையே குறிக்கும் என்பது அடிகள் தரப்பு விடை. ஆராய்ச்சியாளர் பலரும் ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியே நிற்கின்றனர், நாமும் அப்பக்கத்தினரே.

ஆயினும் அடிகளாரின் நூலைப் படித்து முடித்தவருக்கு ஓர் உண்மை விளங்கும். தம் கொள்கைக்கு எதிரான சான்றுகளை அவர் மறைத்து வைக்கவில்லை. எதிர்த்தரப்பு வாதம் இன்னதென அவர் நூலைக்கொண்டே அறியலாம். அவர் நூலைக்கொண்டே அவரை மறுக்கவும் செய்யலாம். முடிவில் பிழைபட்டும் முறையில் பிழைபடாத நூல்கள் உலகில் உண்டு. முடிவு சரியாக இருந்தும் முறையால் இழிந்த நூல்கள் அவற்றினும் மிகுதியாக உண்டு. காலத்தால் முந்தியது தரத்தாலும் உயர்ந்தது என்னும் ஆசை அடிகளாரைச் சற்றே இழுத்துச் சென்றது என்பது நம் எண்ணம். அந்த ஆசை அவர் ஒருவருக்கே உரியதா என்று கேட்டால், நாம் தலைகுனியத்தான் வேண்டும். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளி ஏழாம் நூற்றாண்டினது என்று நம்மவர் மேடைதோறும் முழங்குகின்றனர். மாணிக்கவாசகர் காலத்திற்குக் கல்வெட்டுக் கேட்கும் நாம், இந்தக் கூற்றுக்கும் கல்வெட்டுக் கேட்கிறோமா? கட்டட அமைப்பு எக்காலத்தைக் காட்டுகிறது என்று வினவுகிறோமா? கேட்பவனைச் சமுதாயத் துரோகி போல நோக்குவதே இன்றும் வழக்கமாக இருக்கிறது. பிறர் பழமையை அளக்க ஒரு கோலும் நம் பழமையை அளக்க வேறொரு கோலும் வைத்துக்கொள்வது வணிகத்தில் குற்றம்; அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை தனியோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கண்டிப்பதை நாம் அறிவோம். ஆராய்ச்சியில் மட்டும் அது பக்தியாகிவிடுமோ?

சிந்தனையாளரை வகைப்படுத்தியோர் பலர். அவர்களுள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பகுப்பு நமக்கு இன்றும் பயன்படுகிறது. 1058 முதல் 1111 வரை வாழ்ந்த அப்பெருமகனார், தம் அறிவு வாழ்வின் வரலாறாக எழுதிய 'அல்முன்கிது மினழ்ழலால்' என்னும் நூலில், உண்மையைத் தேடுவோரை நால்வகையினராகக் காண்கிறார். மார்க்கக் கோட்பாட்டைத் தருக்கத்தால் காக்க முனையும் கலாம் வல்லுநர். பிழையே செய்யாத ஓர் ஆசானிடமிருந்தே அறிவு வரும் என நம்பும் பாத்தினியாக்கள். அளவை நூலை நம்பும் மெய்யியலார். சுவைத்தறிதலை நாடும் சூஃபிகள். இப்பெயர்கள் பதினோராம் நூற்றாண்டுப் பக்தாதுக்கு உரியன என்றாலும், இம்மனநிலைகள் எக்காலத்துக்கும் உரியன. காப்போன் தன் முடிவிலிருந்து தொடங்குகிறான். ஆசானைப் பற்றியவன் ஆசான் சொல்லோடு நின்றுவிடுகிறான். தருக்கம் வல்லவன் தன் கருவியின் எல்லையை மறக்கிறான். சுவைத்தவனோ தான் சுவைத்ததைப் பிறருக்குக் காட்ட வகையறியான். இந்நால்வருள் ஒருவரேனும் நம் இலக்கியத் திறனாய்வுப் பக்கங்களில் இடம்பெறாத மாதம் உண்டா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

வகைப்படுத்தியதோடு அவர் நின்றிலர். ஒரு துறையை மறுக்க விரும்புவோன் முதலில் அத்துறையில் அதன் தலைசிறந்த வல்லுநருக்கு நிகராகக் கற்க வேண்டும் என்று விதித்தார். விதித்தவாறே தாமும் ஒழுகினார். பக்தாதில் 300 மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில் ஆசிரியர் துணையின்றி மெய்யியல் நூல்களைக் கற்கச் சற்றேறக்குறைய ஈராண்டும், கற்றதை அசைபோட மேலும் ஓராண்டும் ஆயின என்று அவரே குறிக்கிறார். மெய்யியலாரின் கொள்கைகளை அவர்கள் சொல்லுமாறே தொகுத்த 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா'வும், அவர்களை மறுத்த 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வும் இக்கல்வியின் கனிகள். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. முன்னைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவியபோது, அதைப் படித்தோர் கஸ்ஸாலியையே இப்னு சீனாவின் வழிவந்த மெய்யியலார் எனக் கருதிவிட்டனர்! எதிரியின் கொள்கையை எடுத்துரைத்த நேர்த்தி அத்தகையது. நம் காலத்தில் எதிர்த்தரப்பைச் சுருக்கி எழுதும் எவரையாவது எதிர்த்தரப்பினன் என்று எவரேனும் மயங்கியதுண்டா? அவர்க்குப் பின் வந்த இப்னு ருஷ்து (1126–1198), கஸ்ஸாலியை மறுக்கும் நூலில் அவருடைய பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதிய பின்னரே விடையிறுத்தார். மறுக்கப்படும் நூல் தொலைந்து போயினும் மறுப்பு நூலிலிருந்தே அதன் பெரும்பகுதியை மீட்டுவிடலாம் என்னும் அளவுக்கு அவ்விருவர் வாதமும் அறத்தோடு நிகழ்ந்தது.

இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில் வாதத்துக்குரிய நிபந்தனைகளை இமாம் அவர்கள் விரித்துரைப்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். உண்மையைத் தேடுவோன், காணாமற்போன தன் கால்நடையைத் தேடுவோனைப் போன்றவன். அது தன் கையில் அகப்பட்டாலும் பிறன் கையில் அகப்பட்டாலும் அவனுக்கு மகிழ்ச்சியே என்பது அவர் கருத்து. பெருமக்கள் கூடிய அவையில் வாதிடுவதினும் தனியிடத்தில் வாதிடுவதையே அவர் விரும்புகிறார். ஏனெனில், கூட்டம் நாவைக் கூர்மையாக்கி நெஞ்சை மழுங்கச் செய்யும். வாதத்தால் விளையும் நோய்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பொறாமை, செருக்கு, புறங்கூறல், பிறர் குறையைத் துருவுதல், எதிரி வருந்தக் கண்டு மகிழ்தல், உண்மை எதிரி வாயில் பிறந்தால் அதை வெறுத்தல் என்று அப்பட்டியல் நீளும்.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் நாட்டிலும் ஈழத்திலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் புகைந்தும் கனன்றும் வந்த அருட்பா–மருட்பா வழக்கை நோக்குவோம். இராமலிங்க அடிகளாரின் (1823–1874) பாடல்களை அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867ஆம் ஆண்டில் 'திருவருட்பா' என்னும் பெயரால், திருமுறைகளாக வகுத்து வெளியிட்டார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) வெகுண்டார். அருட்பா என்பதும் திருமுறை என்பதும் தேவார திருவாசகங்கள் முதலியவற்றுக்கே உரிய பெயர்கள். வாழும் ஒருவர் பாடலுக்கு அவற்றைச் சூட்டுவது சைவ மரபுக்கு ஊறு என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை. 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. கண்டனங்கள், கண்டனங்களுக்குக் கண்டனங்கள், அவற்றுக்கும் மறுப்புகள் எனத் துண்டு நூல்கள் பெருகின. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது.

நாவலரின் கேள்வியில் பொருள் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஒரு நூலைப் புனித நூல் எனப் பெயரிடும் உரிமை யாருக்கு உண்டு? மக்கள் காலப்போக்கில் ஏற்றுத் தருவதா, மாணாக்கர் அச்சிட்டவுடன் பெறுவதா? இவ்வினாவை எழுப்பியவர் சமயத்தையும் தமிழையும் ஒருங்கே காத்த பேரறிஞர். அவரைப் பற்றி ஒரு செய்தி, கஸ்ஸாலியின் விதியைப் படித்தவர் நெஞ்சில் உடனே தைக்கும். இளமையில் அவர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்குவதில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். அந்நூலை வரிவரியாக அறிந்த பின்னரே, கிறித்தவப் பிரசாரகர்களுக்கு விடையாக 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். மறுக்கப்படும் நூலை அதன் ஆசிரியர்களே வியக்குமாறு கற்றுவிட்டு மறுப்பெழுதியவர் நாவலர். ஆகவே, அந்நூல் இன்றும் படிக்கத் தக்கதாய் நிற்கிறது.

அத்தகையவர், அருட்பா வழக்கில் மட்டும் வேறொருவராகக் காட்சி தருவது ஏன்? பாடலை விட்டுப் பாடியவரைப் பற்றுதல், வாதத்தின் இடையே எள்ளல், எதிரியின் தவ வாழ்வையே ஐயுறுதல் ஆகியன அங்கே தலைதூக்குகின்றன. அயலானை மறுக்கும்போது இருந்த பொறுமை உடன்பிறந்தானை மறுக்கும்போது இல்லை. கிறித்தவர் மீது கொண்ட பகை கொள்கைப் பகை. அடிகளார் மீது கொண்டதோ வீட்டுப் பகை. சமயத்தின் உள்வாயிலில் நிகழும் சண்டைகள் எப்போதும் இப்படியே கொடியனவாகின்றன. நம் பள்ளிவாசல்களில் கிளைப் பிரச்சினைகளுக்காக நிகழும் துண்டறிக்கைப் போர்களை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் அவ்விருவரும் ஒரே கடவுளை வணங்கியவர்கள். மாணிக்கவாசகரை இருவருமே உயிராகப் போற்றியவர்கள். 'ஆளுடைய அடிகள் அருண்மாலை' பாடிய இராமலிங்கரிடம் திருவாசகத்தின் பெருமையைக் காக்க எவரும் வாளேந்த வேண்டியிருந்ததா?

மறுதரப்பும் குற்றமற்றதன்று. மஞ்சக்குப்பம் வழக்கைப் பற்றி இன்றளவும் ஒரு கதை வழங்குகிறது. அடிகளார் நீதிமன்றத்துள் நுழைந்ததும் அவையே எழுந்து நின்றதாம். வழக்குத் தொடுத்த நாவலரும் தம்மை மறந்து எழுந்தாராம். நீதிபதி அதுகண்டு வழக்கைத் தள்ளினாராம். எழுந்து நின்றதாகச் சொல்லப்படும் நாவலரின் அன்பர்களோ, தாம் நாவலரை இகழவில்லையென்று அடிகளார் கூறியதனாலேயே விடுபட்டார் என்பர். இரண்டில் எது நமக்கு இனிக்கிறது? முன்னையதே. இனிப்பதனாலேயே அதைச் சான்றின்றி நூலுக்கு நூல் எழுதி வந்திருக்கின்றனர். செய்தி கொணர்வோனை ஆராய்ந்து தெளியுமாறு ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை, பகைவரைப் பற்றிய தீய செய்திக்கு மட்டும் உரியதன்று. நாம் நேசிப்போரைப் பற்றிய அழகிய செய்திக்கும் அது உரியதென்றே நாம் கொள்கிறோம். இரு தரப்புக் கண்டனங்களையும் ப. சரவணன் பெருமுயற்சியோடு தேடித் தொகுத்து அச்சேற்றிய பின், அவற்றை அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு நமக்கு வாய்த்துள்ளது. ஒரு தரப்பை மட்டும் படித்துவிட்டு எழுதுவோருக்கு இனிச் சாக்கு இல்லை.

முதல்வர் இருவரும் மறைந்த பின்னும் நெருப்பு அணையவில்லை. நாவலர் வழிநின்ற நா. கதிரைவேற் பிள்ளை சென்னையில் மருட்பாக் கட்சியின் தலைவரானார். பேரகராதி தொகுத்த கல்வியாளர். நாவலரின் வரலாற்றை எழுதியவர். ஆசானைப் பற்றி நிற்கும் சிந்தனையாளருக்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அவரை எதிர்த்து 1903ஆம் ஆண்டில் மேடையேறியவர் வேதாசலம் பிள்ளை, அதாவது பின்னாளில் மறைமலையடிகள். கதிரைவேற் பிள்ளையின் மாணவராகப் பள்ளியில் பயின்றவர் திரு. வி. க. ஆசிரியர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் சாட்சி சொல்லப் போனதால் அவர் தம் இறுதித் தேர்வையே எழுத இயலாது போயிற்று. ஓர் இளைஞன் ஆசானுக்காகத் தன் கல்வியையே இழந்த நிகழ்ச்சி அது. அந்த இளைஞரே பின்னர், 1929ஆம் ஆண்டில், 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை எழுதினார்! அதற்காக அவர் ஆசிரியரைத் தூற்றினாரா? இல்லை. கதிரைவேற் பிள்ளையின் புலமையையும் அன்பையும் இறுதிவரை நன்றியோடு போற்றினார். ஆசானை விடாமலே ஆசான் முடிவை விடுவது எத்துணை அரிது! கஸ்ஸாலியின் நால்வகையுள் திரு. வி. க. எதில் அடங்குவார் என்று எண்ணி எண்ணிப் பார்த்தும் நமக்கு விடை கிட்டவில்லை. வகைகளைக் கடந்து வளரும் மனிதர் சிலர் உண்டு போலும்.

இவ்வழக்கில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நாம் எவ்வாறு சொல்லி வருகிறோம் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அருட்பாத் தரப்பில் நின்று வாதிட்டார். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட ஒரு முஸ்லிம் புலவர், சைவர் இருசாரார் வழக்கில், இராமலிங்கர் பாடல்கள் அருட்பாவே என மேடைதோறும் முழங்கினார். சென்னை விக்டோரியா மண்டபத்தில் 1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் நூறு கவனகம் புரிந்து சதாவதானியானதும், 2008ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தலை வெளியிட்டதும் நம்மவர் அனைவரும் அறிந்தவை. அருட்பாவுக்காக வாதிட்டமைக்குக் காஞ்சிபுரத்தில் அவரை யானைமீது அமர்த்தி ஊர்வலம் கொண்டுவந்தனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

பாவலரைப் பற்றி மீலாது மலர்களிலும் மாநாட்டு மலர்களிலும் வரும் கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். யானை தவறாமல் வரும். ஊர்வலம் வரும். சமய நல்லிணக்கம் என்னும் சொல் மூன்று முறையேனும் வரும். அவர் என்ன வாதிட்டார் என்பது மட்டும் வாராது! அருட்பா என்னும் பெயரை எந்த இலக்கணத்தால் நிறுவினார்? நாவலர் எழுப்பிய பெயருரிமை வினாவுக்கு அவர் தந்த விடை யாது? ஒரிறைக் கொள்கையில் ஊன்றிய ஒருவர், பிற சமயத்துப் பக்திப் பாடலொன்றை 'அருளால் வந்தது' என்று கூறும்போது எப்பொருளில் கூறினார்? இவை நம் இலக்கியத்தின் நடுவண் வினாக்கள். பாவலரை யானைமேல் ஏற்றியவர் காஞ்சிபுரத்தார். அவரை இன்னும் இறக்கிவிடாமல் வைத்திருப்பவர் நாம். புகழ்ச்சி சில வேளைகளில் சிந்தனையாளனுக்குச் செய்யும் அவமதிப்பு, பகைவன் செய்யும் மறுப்பினும் பெரிது. மறுப்பவன் அவன் சொல்லையாவது படிக்கிறான்.

நம் திறனாய்வின் பொதுநிலையே இதுதான். இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என ஒன்று உண்டென்பதையே உலகறியாதிருந்த நாளில், ம. மு. உவைஸ் போன்றோர் நூல்களைத் தேடித் தொகுத்து வரிசைப்படுத்திய தொண்டு அளப்பரியது. தொகுக்கும் பருவம் கடந்து மதிப்பிடும் பருவம் வந்த பின்னும் நாம் தொகுப்போர் மொழியிலேயே பேசுகிறோம். உமறுப் புலவர் அரபு நாட்டை வருணிக்குங்கால் மழை பொழிந்து ஆறு பெருகி நெல் விளையும் தமிழ் மருதத்தையே தீட்டினார். அது காப்பிய மரபின் வெற்றியா, வரலாற்றுணர்வின் குறையா? இரண்டுமாக இருத்தல் கூடுமா? வினா எழுந்தவுடன் ஒருவர் உமறுவைக் காக்கப் புகுகிறார். மற்றொருவர் அவர் ஈமானையே ஐயுறுகிறார். பாட்டைப் படித்தவர் இருவருமல்லர்.

குறை சொல்வது புறங்கூறல் ஆகாதா என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. அவ்வச்சம் மதிப்புக்குரியதே. ஹதீஸ் அறிஞர்கள் அதை நேர்நின்று எதிர்கொண்டனர். அறிவிப்பாளரின் குறைநிறைகளை ஆயும் 'ஜர்ஹு–தஃதீல்' என்னும் கலை, புறங்கூறலைக் கடுமையாக விலக்கிய மார்க்கத்தின் மடியிலேயே பிறந்து வளர்ந்தது. தேவையான அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூறாமை, குறையோடு நிறையையும் கூறுதல், தனிப்பகையால் கூறாமை என்று அவர்கள் தமக்கே வேலியிட்டுக்கொண்டனர். இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனி (ரஹ்) அவர்களிடம் அவருடைய தந்தையைப் பற்றியே வினவினர். பிறரிடம் கேளுங்கள் என்றார். மீண்டும் வற்புறுத்தவே, சற்றுத் தலைகுனிந்திருந்துவிட்டு, இது மார்க்கமாயிற்றே என்று கூறித் தம் தந்தை அறிவிப்பில் வலுவற்றவர் என்றார். அவர் தலைகுனிந்திருந்த அந்தச் சில நொடிகள் நமக்கு மிக முக்கியம். வருத்தமின்றிக் கூறியிருப்பாராயின் அவர் கூற்றில் நமக்கு இத்துணை நம்பிக்கை பிறந்திராது.

இனி மீண்டும் அண்ணாமலை நகருக்கு வருவோம். பெருங்கோயிலில் வல்லாளன் பெயரால் ஒரு கோபுரம் நிற்கிறது. போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், தன் பழைய தலைநகர் அழிவுற்ற பின், திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தான். பிள்ளைப்பேறு இல்லாதவன் எனத் தலக்கதை கூறும் அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று நீர்க்கடன் ஆற்றுவதாக, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் ஆற்றங்கரையில் சடங்கு நிகழ்கிறது. அம்மன்னன் எவ்வாறு இறந்தான் என்பதை நமக்கு விரிவாகக் கூறுபவர் ஒரு முஸ்லிம் யாத்திரிகர்: இப்னு பத்தூத்தா.

மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மஅபர் சுல்தான் கியாசுத்தீன் தாமகானிக்கும் வல்லாளனுக்கும் 1342ஆம் ஆண்டை ஒட்டிப் போர் நிகழ்ந்தது. கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டு வெற்றியின் விளிம்பில் நின்ற முதிய வல்லாளன், முற்றுகைப்பட்டோருக்குத் தந்த தவணைக் காலத்தில் எதிர்பாராது தாக்கப்பட்டுச் சிறைப்பட்டான். அவனுக்கு அப்போது அகவை எண்பது. விடுதலை செய்வதாக நம்பவைத்து அவன் செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்ட சுல்தான், பின் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அது தொங்கக் கண்டதாக இப்னு பத்தூத்தா எழுதுகிறார். சிறைப்பட்ட எளிய மக்களைக் கழுவேற்றியதையும், பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை. வேறெந்த மன்னரிடமும் தாம் காணாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அச்சுல்தானின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளிக்கிறார். இத்தனைக்கும் அச்சுல்தான் அவருக்கு நெருங்கிய உறவினன். இருவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள்.

தன் மார்க்கத்தானை, தன் உறவினனை, தனக்கு விருந்தளித்தவனைக் கண்டித்தெழுதிய இந்நேர்மையை நாம் வியக்கிறோம். வியந்த கையோடு மற்றதையும் சொல்ல வேண்டும். சுல்தானோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது, தம் கண்முன் ஒரு குடும்பத்துக்கு மரண ஆணை பிறந்த வேளையில், தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவரே எழுதுகிறார். மற்றொரு முறை அத்தகைய காட்சியினின்று தப்ப, தொழுகைக்குச் செல்வதாகக் கூறி எழுந்தாராம். சுல்தான் பொருளுணர்ந்து சிரித்தானாம். வாய்திறந்து ஒரு சொல் தடுத்ததாக இல்லை. அவருக்கு அச்சுல்தானிடம் ஒரு காரியமும் இருந்தது: மாலத் தீவுகள் மீது படையனுப்பச் செய்ய வேண்டும் என்பது. அவர் கண்டனம் பிறந்ததோ, சுல்தான் இறந்து, தாமும் மதுரைக் காய்ச்சலில் விழுந்து புளிக்கரைசலால் பிழைத்து, ஆண்டுகள் பல கழிந்து, 1355ஆம் ஆண்டளவில் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் அமர்ந்து நூலைச் சொல்லி எழுதுவித்தபோது. அஞ்சத்தக்க அரசன் உயிரோடிருக்கையில் முகத்தைத் திருப்புவதும், அவன் மறைந்த பின் உண்மையை உரைப்பதும் சிந்தனையாளருள் ஒரு பெரும் வகையினர் இயல்பு. அவர்களை வீரர் என்றல் பொருந்தாது. ஆனால், தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் மறைக்காமல் எழுதிய ஒருவரைக் கோழை என்று தள்ளவும் நமக்கு மனம் இல்லை.

மதுரைச் சுல்தான்களைப் பற்றி நம்மவர் எழுதும் நூல்களில் நாணயங்களும் கல்வெட்டுகளும் பேசப்படுகின்றன. இப்னு பத்தூத்தா மதுரைக்கு வந்து சென்ற பெருமையும் பேசப்படுகிறது. அவர் மதிலில் கண்டது பல வேளைகளில் விடுபட்டுப் போகிறது. நம்மைப் பகைப்போர் எழுதும் நூல்களிலோ, மதிலில் தொங்கியது மட்டுமே இருக்கும். வல்லாளன் படையில் இருபதினாயிரம் அளவில் முஸ்லிம்களும் இருந்தனர் என்று அதே அத்தியாயம் கூறுவதும், அக்கொடுமையைக் கொடுமை என்று முதன்முதல் எழுதி வைத்தவரே தில்லியில் காஜியாக இருந்த ஒரு முஸ்லிம் என்பதும் அங்கே விடுபட்டிருக்கும். இருசாராரும் புரட்டுவது ஒரே நூலின் ஒரே பக்கங்களைத்தான். அப்பகுதியைச் சொல் விடாமல் அரபு மூலத்திலிருந்து தமிழாக்கி, விளக்கக் குறிப்புகளோடு நம் ஏடுகளில் ஒன்றாவது வெளியிட வேண்டும். வல்லாளனுக்கு மாசி மகத்தன்று நீர்வார்ப்போர் கையிலும் அது போய்ச் சேர வேண்டும். அரபும் தமிழும் ஒருங்கே அறிந்த ஆலிம்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் ஒருவரேனும் இப்பணியை ஏற்பாராயின், அவருக்குரிய பக்கங்களை ஒதுக்கித் தருமாறு இவ்விதழாரை வேண்டிக்கொள்ள நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.